ஏரியில் விட்டால் ஆயிற்றா?

அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். ஏரிக்கரையில் நான்கு அதிகாரிகள் குனிந்து நிற்பார்கள். கையில் ஆளுக்கொரு ஆமை. பின்னால் ஒரு ஜீப், ஒரு நீல பிளாஸ்டிக் கூடை. மறுநாள் நாளிதழில் 'மீட்கப்பட்ட ஆமைகள் ஏரியில் விடப்பட்டன' என்று மூன்று வரி வரும். அதிகாரிகளின் பெயர் பதவியோடு இருக்கும். ஆமையின் பெயர் இருக்காது. அது எந்த ஊர்த் தண்ணீரிலிருந்து பிடிக்கப்பட்டது என்பதும் இருக்காது. படிக்கிற நமக்கும் அது தேவைப்படுவதில்லை. உயிர் பிழைத்தது, தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

இதை மறுக்கத்தான் இந்தக் கட்டுரை. ஊர் தெரியாத ஆமையை ஏதோ ஒரு ஏரியில் விடுவதற்கு மீட்பு என்று பெயர் வைக்க முடியாது. கடத்தல்காரன் பாதியில் விட்ட வேலையை அரசாங்கச் செலவில் முடித்துக் கொடுப்பது அது.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். ஆமை தண்ணீர்ப் பிராணி. தண்ணீரில் விட்டால் பிழைத்துக்கொள்ளும். சாட்சிப் பொருளாக ஸ்டேஷனில் பக்கெட்டுக்குள் கிடந்து சாவதைவிட ஏரி எவ்வளவோ மேல். எல்லா ஏரியிலும் ஆமை இருக்கிறது, கூட நாற்பது சேர்ந்தால் என்ன குடி முழுகிவிடும்? டிஎன்ஏ, இனம், துணையினம் என்பதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களின் ஆடம்பரம். வனத்துறையில் மட்டுமல்ல, விலங்குநேயர்களிடமும் பக்தர்களிடமும் பத்திரிகைக்காரர்களிடமும் நிலவும் கருத்து இதுதான். இரக்கத்திலிருந்து பிறந்தது என்பதால் இதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

எங்கள் மூலக்கொத்தளத்தில் அந்த இரக்கம் எப்படி வேலை செய்கிறது என்று தினமும் பார்க்கிறேன். ஓட்டேரி நல்லா பக்கிங்காம் கால்வாயில் கலக்கும் பேசின் பிரிட்ஜ் இங்கிருந்து நடக்கிற தூரம்தான். அடைமழையில் எங்காவது ஓர் ஆமை தெருவுக்கு வந்துவிட்டால் வீடே பதறும். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று கேட்டு வளர்ந்த ஜனங்கள். அடிக்கவும் மனம் வராது, வைத்துக்கொள்ளவும் பயம். கோணிப்பையில் போட்டு, கோயில் குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிட்டு வந்து கை கழுவிக்கொள்வார்கள். ராயபுரம் பக்கமென்றால் நேரே கடல்தான். ஆமை என்றாலே இந்தக் கரையில் கடலாமை; தை, மாசியில் முட்டையிட வருகிற பங்குனி ஆமையைப் பார்த்துப் பழகிய கண். குளத்து ஆமைக்கு உப்புநீர் ஆகாது என்பதோ, நட்சத்திர ஆமை தரையில் மேய்கிற பிராணி, அலையில் போட்டால் மூச்சு முட்டிச் சாகும் என்பதோ அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றாது.

மேல்வீட்டு அக்கா ஓர் ஆமை வளர்க்கிறார். பையன் அழுது அடம்பிடித்ததால் மீன்தொட்டிக் கடையில் வாங்கியது. அப்போது உள்ளங்கையில் மூன்று அடங்கும். இப்போது சாப்பாட்டுத் தட்டளவு. பாத்திரம் கழுவுகிற பேசினில் நாலு விரல் தண்ணீர், அதில் ஒரு செங்கல். செங்கல் மேல் ஏறி நின்று நகத்தால் பிளாஸ்டிக்கைப் பிராண்டிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குங்குமத்தை இழுத்துவிட்டது போலச் சிவப்புப் பட்டை. வயிற்றுப்பக்க ஓடு மஞ்சள், அதில் கருந்திட்டுகள். செங்காது ஆமை. அமெரிக்காவில் மிசிசிப்பி நதிப் பக்கத்துப் பிராணி.

“தம்பி, இத்த காசிமேட்டாண்ட கடல்ல வுட்டா பொழச்சிக்குமா?”

“கடல்ல வுட்டா செத்துடும்க்கா.”

“அப்ப ரெட்டேரில?”

பிழைத்துக்கொள்ளும். பிரச்சினையே அதுதான். உலகமெங்கும் செல்லப்பிராணியாகப் போய், வளர்ந்து, அலுத்துப்போய், குளத்தில் விடப்பட்டு, அங்கிருக்கும் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஆமை இது. ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதிக்கு 1997-லேயே தடை போட்டது. நம் விமான நிலையங்களிலோ இன்றும் பெட்டி பெட்டியாக இதன் குஞ்சுகள் பிடிபடுகின்றன. அக்காவின் கேள்வியும் ஏரிக்கரை அதிகாரியின் முடிவும் ஒரே ரகம். இருவருக்கும் ஆமை என்பது ஒரே ஒரு பிராணி.

செங்காது ஆமை அயல்நாட்டுச் சரக்கு, அதை விடக் கூடாதுதான், நம் ஊர் ஆமையை விட்டால் என்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எந்த ஊர், 'நம் ஊர்'?

பாலாமையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு ஏரி, குளம், நெல்வயல் எல்லாவற்றிலும் இருப்பது இது. ஓடு கல் போல் இராது, தோல் போர்த்தியிருக்கும். மூக்கு நீண்டு குழல் மாதிரி. தூக்கிப் பார்த்தால் அடியோட்டின் பின்பக்கம் இரண்டு சதைமூடிகள். பின்னங்காலை உள்ளே இழுத்துக்கொண்டதும் கதவு சாத்துவது போல அவை மூடிக்கொள்ளும். கோடையில் ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு மழைக்குக் காத்திருக்கும். 1789-இல் பொன்னாத்தேர் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அந்தப் பெயருக்கு ஆதார ஊராகக் குறிக்கப்படுவது நம் புதுச்சேரி. கங்கைச் சமவெளியில் இருக்கும் பாலாமைக்கு முதுகில் மஞ்சள் புள்ளிகள் உண்டு, தெற்கத்தியதற்கு இல்லை. ஆகவே புள்ளி இருந்தால் வடக்கு, இல்லாவிட்டால் தெற்கு என்று பிரித்தார்கள். இலங்கைப் பாலாமைக்கும் புள்ளி இல்லை என்பதால் அதுவும் தெற்கத்திய கணக்கில் சேர்ந்துவிட்டது. ராமேசுவரத்தில் இருப்பதும் மன்னாரில் இருப்பதும் ஒன்றே என்று இருநூறு ஆண்டுகளில் பெரும்பகுதி எழுதியாயிற்று.

2011-இல் பீட்டர் பிராஷாக், ஊவே ஃபிரிட்ஸ் முதலானோர் இந்தப் பேரினத்தின் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது கணக்கு மாறியது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய்வழியாக மட்டும் வருவது. ஒரு துளி ரத்தமோ திசுவின் சிறு நறுக்கோ போதும். சைட்டோகுரோம் பி என்ற மரபணுவில் ஆயிரத்துச் சொச்சம் எழுத்துகள். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த எழுத்துப் பிழைகளை எண்ணினால் எந்தக் கிளை எதிலிருந்து எவ்வளவு தூரம் விலகியது என்று தெரியும். அப்படி எண்ணியதில் இலங்கைப் பாலாமை தனி இனமாக நிறுத்தப்பட வேண்டிய அளவுக்கு விலகி இருந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது ரத்தத்தில் வேறு. இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இன்னொன்று. பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்கு இறங்கியபோது பாக் நீரிணையே கிடையாது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போகலாம். பாதை திறந்திருந்தும் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடவில்லை. பாதை திறந்த காலங்களில் நடக்காததை ஒரு கள்ளத்தோணியும் ஒரு நல்ல மனம் படைத்த ரேஞ்சரும் சேர்ந்து ஒரே மாலையில் நடத்திவிடலாம்.

'ஓட்டைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்' என்கிற அனுபவசாலிகளுக்குச் சென்னையிலேயே ஒரு பதில் இருக்கிறது.

சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜே. ஆர். ஹெண்டர்சன் 1912-இல் கொச்சிச் சமஸ்தானக் காட்டிலிருந்து கிடைத்த ஒரு சிற்றாமையை விவரித்தார். உள்ளங்கையளவு, மஞ்சள் முகம், அதில் கொஞ்சம் சிவப்பு. மலையாளத்தில் சூரலாமை, நம் பேச்சில் பிரம்பாமை. குளத்து ஆமைகளின் குடும்பம்தான், ஆனால் ஈரக்காட்டுத் தரையில் சருகுக்கடியில் வாழ்வது. அதன் பிறகு எழுபது ஆண்டுகள் அதை அறிவியல் உலகில் யாரும் பார்க்கவில்லை. 1982-இல் தேடிக் கண்டுபிடித்தவர் சென்னைப் பெண் ஜே. விஜயா. பாம்புப் பண்ணையிலும் பிறகு முதலைப் பண்ணையிலும் வேலை பார்த்தவர். இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். சாலக்குடிக் காட்டில், பழங்குடி மக்களின் துணையோடு, மாதக்கணக்கில் தங்கி அந்த ஆமையின் வாழ்க்கையைக் குறிப்பெடுத்தார். முப்பது வயதைத் தொடும் முன்பே, 1987-இல் இறந்துபோனார்.

விஜயா கண்டெடுத்த ஆமை எந்தப் பேரினம் என்பது அப்போது தீரவில்லை. ஹெண்டர்சன் அதை ஜியோஎமிடா என்றார். 1986-இல் எட்வர்ட் மால், பிரையன் குரூம்பிரிட்ஜ், விஜயா மூவரும் எலும்பு, ஓடு, தாடை எல்லாம் பார்த்து ஹியோசெமிஸ் பேரினத்தில் வைத்தார்கள். சாதாரண ஆட்கள் அல்ல, அந்தக் காலத்தில் இந்திய நன்னீர் ஆமைகளை அவர்களைவிடக் கூர்ந்து பார்த்தவர்கள் இல்லை. ஆனாலும் ஆமையின் ஓடு ஏமாற்றும். ஈரக்காட்டில் சருகுக்கடியில் வாழ்கிற ஆமைகளெல்லாம், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே மாதிரி உருவத்துக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. 2006-இல் பிராஷாக் குழுவினர் மரபணுவைப் பார்த்தபோது அது இரண்டு பேரினத்திலும் சேரவில்லை. தனிப் பேரினம். அந்தப் பேரினத்தில் உலகத்திலேயே இந்த ஓர் இனம்தான். அதற்கு விஜயாசெலிஸ் என்று பெயர் வைத்தார்கள். மெட்ராஸ் பெண் ஒருத்தியின் பெயர் ஓர் ஆமைப் பேரினத்துக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது மரபணு ஆய்வால்தான். விஜயாவும் மாலும் பார்த்தே பிடிபடாததை, மாலை ஐந்து மணிக்குள் படம் எடுத்து அனுப்ப வேண்டிய அவசரத்தில் ஓட்டைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நம்பச் சொல்கிறார்கள்.

பெயர் தவறினால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் பட்டாகூர் கதையைக் கேட்க வேண்டும். கங்கை முகத்துவாரத்திலிருந்து மலேசியா வரை ஆற்று முகத்துவாரங்களில் வாழும் பட்டாகூர் என்ற பெரிய ஆமை ஒரே இனம் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். சுந்தரவனத்தில் அது விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டது. 2007, 2008-இல் வந்த மரபணு ஆய்வுகள் வங்காளத்து ஆமை வேறு இனம், மலேசியப் பக்கத்து ஆமை வேறு இனம் என்று காட்டின. பழைய பெயரை நம்பி, ஆண் கிடைக்கவில்லையே என்று தெற்கேயிருந்து ஒன்றை வரவழைத்து ஜோடி சேர்த்திருந்தால், இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரிலேயே அதை முடித்திருப்பார்கள்.

கோயில் குளத்துக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். குளம் ஆமையைக் காப்பாற்றியதில்லையா? காப்பாற்றியிருக்கிறது, அதுவும் ஓர் இனத்தையே. வங்கதேசத்தில் சிட்டகாங் நகரின் பாயஜித் பொஸ்தாமி தர்கா குளத்தில் கருப்பு மெல்லோட்டு ஆமைகள் உண்டு. 1875-இல் ஆண்டர்சன் பெயரிட்ட இனம். அந்த ஒரு குளத்தைத் தவிர வேறெங்கும் இல்லை என்று எண்ணி, இயற்கையில் அழிந்துவிட்டதாக 2002-இல் அறிவித்தார்கள். 2007-இல் அசாமிலிருந்து கிடைத்த மாதிரிகளின் மரபணு, பிரம்மபுத்திராவில் அது இன்னும் காட்டு ஆமையாகவே வாழ்கிறது என்று காட்டியது. ஹாஜோவில் உள்ள ஹயக்ரீவ மாதவர் கோயில் குளத்திலும் அதே இனம். அந்தக் குளத்தில் பொரித்த குஞ்சுகளை போபிதோரா சரணாலயத்து ஹாதுக் பீலில் விட்டார்கள். இதையும் 'ஏரியில் விட்டார்கள்' என்று மூன்று வரியில் எழுதிவிடலாம். ஆனால் இனம் எது, அந்த நீர்நிலை அதன் ஆற்றைச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு விட்டார்கள். நான் கேட்பதும் அவ்வளவுதான்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சந்தை சாட்சி. 1980-களிலும் 90-களிலும் ஹாங்காங், சீன வியாபாரிகளிடம் வாங்கிய ஆமைகளை வைத்துப் புதிய இனங்கள் சிலவற்றை விவரித்தார்கள். மௌரெமிஸ் ஐவர்சோனி அதில் ஒன்று. கண்டுபிடித்த இடம் இன்ன மாகாணம் என்று வியாபாரி சொன்னதையே எழுதினார்கள். தேடிப்போனவர்களுக்கு அங்கே எதுவும் அகப்படவில்லை. 2001 முதல் வந்த மரபணு ஆய்வுகள் குட்டை உடைத்தன. அப்பன் ஓரினம், ஆத்தாள் ஓரினம். பண்ணையில் பிறந்த கலப்புகள். ஆமைகளுக்கு இந்தக் குணம் உண்டு. வெவ்வேறு பேரினங்கள்கூடச் சேர்த்து அடைத்தால் கூடிக் குஞ்சு பொரித்துவிடும். ஆகவே 'கலந்துவிட்டால் என்ன, அதனதன் இனத்தோடு அது சேர்ந்துகொள்ளும்' என்ற ஆறுதல் ஆமை விஷயத்தில் செல்லாது. ஆஸ்திரேலியாவில் பெல்லிங்கர் என்று ஒரே ஒரு ஆறு, அதற்கே உரிய ஓர் ஆமை. 2015-இல் ஒரு வைரஸ் வந்து வளர்ந்த ஆமைகளில் பெரும்பகுதியைக் கொன்றது. மிச்சமிருந்தவற்றுக்கு இன்னொரு சிக்கல், வெளியிலிருந்து மனிதர் கொண்டுவந்து விட்டதாகக் கருதப்படும் வேறோர் ஆமையோடு அவை கலக்கத் தொடங்கியிருந்தன. ஸ்விட்சர்லாந்தின் குளங்களிலோ பல பிரதேசத்து ஆமைகளின் வாரிசுகள் இப்போது ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. விட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான்.

இனி எனக்கே நெருக்கமான ஓர் ஆட்சேபம். பூர்வீகம், கலப்பு, சொந்த மண் என்ற சொற்களை வைத்துக்கொண்டு மனிதர் மனிதருக்குச் செய்த கொடுமைகள் தெரியாதா? வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பேச்சா? நெல்லூரிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் பின்னி மில்லுக்கும் வந்தவர்கள், பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் எல்லாம் சேர்ந்து கட்டிய பேட்டை இது. இங்கே ரத்த சுத்தம் பேசுகிறவனுக்குச் செருப்படிதான் விழும், விழவும் வேண்டும்.

கலப்பு இழிவு என்று எந்த மரபணு ஆய்வும் சொல்லவில்லை. இயற்கையிலேயே ஆமை இனங்கள் எல்லையோரத்தில் கலக்கின்றன. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் இதே ஆய்வுகள்தான். ஆனால் வந்தேறிக்கும் ஆமைக்கும் இங்கே ஒப்புமையே இல்லை. பிழைப்பு தேடி வந்தவர் தன் காலால் வந்தார், தன் கதையைத் தன் வாயால் சொல்வார். ஆமையின் நிலைக்கு ஒப்பு வேண்டுமென்றால் கூவக்கரையிலும் கால்வாய்க்கரையிலும் குடியிருந்தவர்களைப் பாருங்கள். லாரியில் ஏற்றிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கினார்கள். வேலை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, சொந்தபந்தம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. 'வீடு கொடுத்தாயிற்றே' என்று கணக்கு முடிந்தது. 'தண்ணீரில் விட்டாயிற்றே' என்பதும் அதே குரல்தான். இருந்த இடத்தைப் பற்றிக் கேட்காதவர்களுக்குப் போகிற இடம் எல்லாம் ஒன்றுதான்.

மறுபக்கத்து மிகையையும் விடக் கூடாது. டிவியில் இப்போது டிஎன்ஏ என்றால் குறிசொல்லி மாதிரி ஆகிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், ஊர் பேர் விலாசம் எல்லாம் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். வராது. ஒப்பிட வேறொன்று இருந்தால்தான் டிஎன்ஏ பேசும். ஐதராபாத்தில் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் சுனில் குமார் வர்மாவும் லால்ஜி சிங்கும் 2003-இல் உருவாக்கிய பொது முறை, சமைத்த கறித்துண்டு எந்த விலங்கு என்பதைக்கூடச் சொல்ல உதவும். எந்தக் கிராமத்து விலங்கு என்று சொல்லாது. சிங்கப்பூரில் பிடிபட்டு இந்தியாவுக்குத் திரும்பிவந்த நட்சத்திர ஆமைகளை அதே சிசிஎம்பி ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டது. ஆமைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. ஒன்று, பிறந்த இடம் தெரிந்த தென்னிந்திய மாதிரிகளோடு ஒத்துப்போனது. மற்றது ஒத்துப்போகவில்லை. ஒரே பெட்டியில் வந்த ஆமைகள் ஒரே ஊர்க்காரர்கள் அல்ல என்பது அன்றே தெரிந்துவிட்டது. அண்மையில் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் நட்சத்திர ஆமையில் வடமேற்கு, தெற்கு என இரண்டு தனிக் கிளைகள் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். இதற்குப் பிறகும் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட நட்சத்திர ஆமையைக் கண்ட காட்டில் விடலாம் என்று வாதிட ஒருவருக்கும் முகாந்திரம் இல்லை.

மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் நம்புவதும் ஆபத்து. அது ஆத்தாள் வழி மட்டுமே. கலப்பினக் குஞ்சின் அப்பன் யாரென்று அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு, மைட்டோகாண்ட்ரியாவின் துண்டுகள் எப்போதோ உட்கருவுக்குள் புகுந்து போலியாகத் தங்கியிருக்கும். ஆசியப் பெட்டி ஆமைகளில் நிபுணர்களே அந்தப் போலியை அசலென்று எடுத்துக் குழம்பியதுண்டு. உட்கரு மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஓட்டையும் பார்க்க வேண்டும், பிடித்தவனிடம் விசாரிக்கவும் வேண்டும்.

அப்படியானால் முதல் வேலை எது? விடாமல் இருப்பது. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. ஒன்றின் கலங்கல் வழிந்து அடுத்ததற்குப் போகிற சங்கிலிகள். ஆயிரம் ஆண்டுகளாக வெட்டிய வாய்க்கால்களோடு ஆமையும் நகர்ந்திருக்கும். பாலாற்றுச் சங்கிலியில் இருக்கும் பாலாமையும் தாமிரபரணிச் சங்கிலியில் இருப்பதும் ஒரே வழியா, எந்தச் சங்கிலி எப்போது எதோடு இணைந்தது என்பதை ஏரிக்கு நாலைந்து ஆமை வீதம் மாதிரி எடுத்தால் படிக்கலாம். கல்வெட்டு இல்லாத ஏரிக்கும் அது ஒரு சான்று. இந்தப் பதிவேட்டை இன்னும் தயாரிக்கவில்லை என்றால் நாளைக்குத் தயாரித்துக்கொள்ளலாம். ஆனால் வேலூரில் பிடித்ததைச் செம்பரம்பாக்கத்திலும், உத்தரப் பிரதேசத்திலிருந்து ரயிலேறி வந்ததைப் புழலிலும் கொட்டிக்கொண்டே போனால் நாளைக்கு எடுக்கிற மாதிரி எதையும் சொல்லாது. 2017 ஜனவரியில் அமேதி மாவட்டத்தில் ஒரே இடத்தில் 6,000-க்கும் மேற்பட்ட பாலாமைகள் சிக்கின. அப்படி ஒரு சரக்கில் பத்து சாக்கு வழிதவறித் தெற்கே வந்து, யாரோ புண்ணியம் தேடிக்கொண்டால் போதும். கலந்த பிறகு எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது.

செலவு என்பார்கள். சைட்டோகுரோம் பி படிப்பது இன்று கல்லூரி ஆய்வகங்களிலேயே நடக்கிற வேலை. வண்டலூரில் உயர்நிலை வனஉயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது, சாந்தோமில் விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, ஐதராபாத் ஒரு ராத்திரி ரயில் தூரம். ஏரிக்கரைக்கு ஜீப் போய்வருகிற டீசலுக்குக் கணக்கு கேட்காதவர்கள் இதற்கு மட்டும் கேட்பது வேடிக்கை. 2022 திருத்தத்துக்குப் பிறகு பாலாமையும் நட்சத்திர ஆமையும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. பிடிபட்ட புலியை எந்தக் காட்டுப் புலி என்று கேட்காமல் முண்டந்துறையில் இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்களா?

கொடுமை என்ற வாதம்தான் கடைசியாக நிற்கும், அதுவே கனமானதும். ஊர் தெரியாத ஆமையை என்ன செய்வது? என் பதில் யாருக்கும் இனிக்காது. ஊர் தெரியும்வரை வைத்திருக்க வேண்டும்; தெரியவே தெரியாவிட்டால் அதன் ஆயுள் முழுவதும் வைத்திருக்க வேண்டும். பேசினில் அல்ல, மண்ணும் நிழலும் ஆழமும் உள்ள குளத்தில், வேலியிட்டு, ஆண் பெண் பிரித்து. அது சிறைதான், மறுக்கவில்லை. ஆனால் எதிரே இருப்பது சுதந்திரமும் சிறையும் அல்ல. பத்துப் பதினைந்து நாள் கோணிக்குள் நெருக்கியடித்துக் கிடந்து, எந்த நோயைச் சுமந்திருக்கிறது என்றே தெரியாத நாற்பது ஆமைகளை, நலமாக வாழும் நானூறு ஆமைகளின் ஏரியில் கொட்டுவதைத்தான் சுதந்திரம் என்கிறார்கள். நாற்பதின் மீதான இரக்கம் அந்த நானூறையும் பார்க்க வேண்டாமா?

செங்காது ஆமைக்குக் கேரளம் ஒரு வழி காட்டியது. திருச்சூர்ப் பக்கம் காளத்தோட்டில் 2018-இல் இந்த ஆமை வெளியில் தென்பட்டபோது, பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 'குளத்தில் விடாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள்' என்று வளர்ப்பவர்களைக் கேட்டுக்கொண்டது. மிரட்டவில்லை, வழக்குப் போடவில்லை. மேல்வீட்டு அக்காவுக்கு வேண்டியது அதுதான்: பேசினைத் தூக்கிக்கொண்டு போனால் வாங்கிக்கொள்ள ராயபுரத்திலோ கிண்டியிலோ ஒரு கவுண்டர். அது இல்லாதவரை ரெட்டேரியைத்தான் அவர் யோசிப்பார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் சம்பளம் வாங்குகிற அதிகாரியைச் சொல்வேன். ஆமை பிடிபடும்போது எழுதுகிற மகஜரில் எண்ணிக்கையும் எடையும் எழுதுகிறார்கள். அதிலேயே எங்கிருந்து வந்தது, பிடிபட்டவர் என்ன சொன்னார், டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன், திசு மாதிரி எடுத்தாயிற்றா என்று நாலு வரி கூட எழுதலாம். சாட்சிக்காக வைத்திருக்க முடியாது, நீதிமன்றம் விடச் சொல்கிறது என்றால், எங்கே விடுவது என்று தெரியவில்லை, மாதிரி அனுப்பியிருக்கிறோம், முடிவு வரும்வரை வண்டலூரில் வைக்க உத்தரவு வேண்டும் என்று மனுப் போடலாம். நீதிபதியின் முன்னால் இன்று வைக்கப்படுவது ஒரே ஒரு கோரிக்கை. அதில் ஏரியின் பெயரைக்கூட அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்துத்தான் நிரப்புகிறார்கள்.